அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது?

தொலைக்காட்சி நாயகன் சுவரில் ஏறுகிறான், வானில் பறக்கிறான், ஒரே தள்ளில் லாரியைப் புரட்டுகிறான். மறுநாள் பள்ளிக்கூடத்தில் பேச்சு முழுக்க அதுதான்.

"மின்னல் தாக்கித்தாண்டா அவனுக்குச் சக்தி வந்தது."

"இல்லவே இல்ல. அவங்க அம்மாவுக்கே அந்தச் சக்தி இருந்துச்சு. போன வாரம் அவங்க கண்ணு மின்னிச்சே, நீ பாக்கலியா?"

"அப்ப அவன் தம்பிக்கு மட்டும் ஏன் வரல?"

விழுப்புரமானாலும் திண்டிவனமானாலும் இந்த வாக்குவாதம் இல்லாத வகுப்பறை கிடையாது. பெரியவர்கள் சிலர் இதை வீண்பேச்சு என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பழைய காட்சிகளை நினைவில் தேடுகிறீர்கள். சான்று காட்டுகிறீர்கள். "அப்படியானால் அடுத்த வாரம் இதுதான் நடக்கும்" என்று முன்கூட்டியே சொல்கிறீர்கள். சொன்னது நடக்காவிட்டால் ஊகத்தை மாற்றிக்கொள்கிறீர்கள். அறிவியலில் இப்படிப்பட்ட ஊகத்தைக் கருதுகோள் என்பார்கள். பெரிய கண்டுபிடிப்புகள் பலவும் இப்படி ஓர் ஊகத்தில்தான் தொடங்கின.

ஆனால் கதாசிரியர் நினைத்தால் கதையின் விதியை ஒரே வாரத்தில் மாற்றிவிடலாம். இயற்கையின் விதியை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே இயற்கையைப் பற்றி ஓர் ஊகம் சொன்னால் அதை மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும்.

ஒன்று: இதற்கு என்ன சான்று?
இரண்டு: இது எப்படி வேலை செய்யும்?
மூன்று: எதைக் கண்டால் "என் ஊகம் தவறு" என்று ஒப்புக்கொள்வேன்?

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். முதலில் நம் மாவட்டத்துக் கல் ஒன்றை வைத்து இந்தக் கேள்விகளைப் பழகிக்கொள்வோம்.

திருவக்கரையில் ஒரு துப்பறிதல்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. அங்கே தேசியக் கல்மரப் பூங்கா உண்டு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். அருகில் குனிந்து பார்த்தால் மரத்தின் நார் ஓடும் திசை தெரியும். கிளை முளைத்த கணு தெரியும். தொட்டால் மட்டும் சில்லென்று கல்.

மரம் எப்படிக் கல்லானது? மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் காற்றுப் படாமல் புதைந்ததால் அது மட்கவில்லை. சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊறியது. சிறிது சிறிதாக மரப்பொருள் இருந்த இடத்தில் சிலிக்கா படிந்தது. வடிவம் அப்படியே நின்றது, பொருள் மாறிவிட்டது.

இந்த மரங்கள் இதே இடத்தில் வளர்ந்தவையா, வேறெங்கிருந்தோ வந்தவையா? "இங்கேயே வளர்ந்தவை" என்பது உங்கள் ஊகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் வேர் மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும், சில மரங்களாவது நின்றிருக்க வேண்டும். பூங்காவில் இருப்பதோ படுத்துக் கிடக்கும் அடிமரங்கள். வேர், கிளை, இலை எதுவும் இல்லை. ஆகவே பழங்கால வெள்ளம் இவற்றை அடித்துக்கொண்டு வந்து இங்கே புதைத்தது என்று நிலவியலாளர்கள் முடிவுகட்டினார்கள். இல்லாத வேர்கூட ஒரு சான்று, பாருங்கள்!

இனி நம் நாயகர்களிடம் போவோம்.

முதல் ஊகம்: கிரகணம் கொடுத்த சக்தி

2006 முதல் 2010 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஹீரோஸ்' என்ற தொடர் ஓடியது. சாதாரண மனிதர்கள் பலருக்குத் திடீரென்று விந்தைச் சக்திகள் வருகின்றன. அதைத் துப்பறியும் மரபணு விஞ்ஞானி மொகிந்தர் சுரேஷ், நம் சென்னையிலிருந்து போனவர்! அந்த வேடத்தில் நடித்தவர் செந்தில் ராமமூர்த்தி.

தொடரின் தொடக்கத்தில் ஒரு சூரிய கிரகணம் வருகிறது. உடனே ரசிகர்களில் பலர், "கிரகணம்தான் சக்தி கொடுத்தது" என்று ஊகித்தார்கள். சோதித்துப் பார்ப்போமா?

2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டின் மேல் ஒரு வளையக் கிரகணம் கடந்துபோனது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பகுதி கிரகணம். கோடிக்கணக்கானோர் அந்த நிழலில் இருந்தார்கள். ஒருவருக்கும் பறக்க வரவில்லை. ஊகம் இங்கேயே அடிபடுகிறது.

எப்படி வேலை செய்யும் என்று கேட்டாலும் பதில் இல்லை. கிரகணம் என்பது நிலா சூரியனை மறைப்பது. அப்போது புதிதாக எந்தக் கதிரும் நம்மேல் வருவதில்லை. வழக்கமாக வரும் வெளிச்சமும் வெப்பமும்கூடக் குறைகின்றன.

அந்தத் தொடரின் ரசிகர்களும் ஊகத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் பருவத்தில் வந்த இன்னொரு கிரகணத்தின்போது நாயகர்கள் சக்தியை இழந்தார்கள். கொடுக்கும் என்று நினைத்தது பறித்துக்கொண்டது.

கிரகணம் மனிதருக்கு எதுவுமே கொடுக்கவில்லையா? கொடுத்தது. 1868 ஆகஸ்ட் 18 அன்று இன்றைய ஆந்திரத்தின் குண்டூரில் முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் அங்கே வந்து, சூரிய விளிம்பில் எழுந்த தழல்களின் ஒளியைப் பட்டகம் கொண்ட கருவியால் பிரித்துப் பார்த்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் வானியலாளர்கள் கண்ட ஒரு மஞ்சள் கோடு, அதுவரை தெரிந்த எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அது 1895-ல்தான் அகப்பட்டது. ஒரு பொருளை முதலில் சூரியனில் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு பூமியில் தேடிப் பிடித்தது நிஜமாகவே பெரிய சக்தி.

2031 மே 21 அன்று தென் தமிழ்நாட்டில் மீண்டும் வளையக் கிரகணம் தெரியும். பார்க்கப் போனால் அதற்கென்றே செய்த கிரகணக் கண்ணாடி அவசியம். வெறும் கண்ணால் பார்த்தால் விழித்திரை கருகிவிடும்.

இரண்டாம் ஊகம்: மின்சாரம் பாய்ந்த சக்தி

உங்கள் தாத்தா பாட்டியிடம் 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழின் நாயகனே அவர்தான். ஆய்வகத்தில் நடந்த விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

உடம்புக்குள் மின்சாரம் உண்டு என்பது உண்மை. நரம்பணுவின் உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 70 மில்லிவோல்ட் வேறுபாடு இருக்கும். இதயம் ஒவ்வொரு முறை துடிப்பதும் ஒரு மின்குறிப்பால்தான். ஆகவேதான் வெளி மின்சாரம் ஆபத்து. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதில் சில பத்து மில்லி ஆம்பியர் மார்பு வழியே பாய்ந்தாலே இதயத்தின் தாளம் குலைந்து உயிர் போகலாம். வீடுகளில் பொருத்தும் கசிவுத் தடுப்பு சுவிட்சு 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிப்பது அதனால்தான். மின்னல் இன்னும் கொடியது. அது பாயும் பாதையில் காற்றின் வெப்பம் சுமார் 30,000 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். இடி இடிக்கும்போது வயல்வெளியிலும் பனைமரத்தடியிலும் நிற்காதீர்கள், வீட்டுக்குள் போய்விடுங்கள்.

மறைவது சாத்தியமா? கண்ணின் விழித்திரை ஒளியைப் பிடித்து வைத்தால்தான் காட்சி தெரியும். ஒளி தடையின்றி ஊடுருவிப் போகும் உடம்பில் விழித்திரையும் ஒளியைப் பிடிக்காது. ஆக, முழுக்க மறைந்த மாயாவிக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது!

மின்சாரத்தை ஆயுதமாக்கிய உயிர் இருக்கிறது: தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்கு. அதன் ஒரு செல் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு வகை விலாங்கில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். அந்தச் சக்தி எந்த ஒரு விலாங்குக்கும் அதிர்ச்சியால் வந்ததில்லை. எண்ணற்ற தலைமுறைகளில் தசைச் செல்களே சிறிது சிறிதாக மாறி மின்செல்கள் ஆயின.

மூன்றாம் ஊகம்: கதிர்வீச்சும் மல்லாட்டையும்

கதிர் பட்டதும் மரபணு மாறும், உடனே சக்தி பிறக்கும். தொடர்களில் அதிகம் வரும் ஊகம் இதுதான். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்ட உங்களைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போகிறேன்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெளிவந்த மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களின் பெயர் டி.எம்.வி. என்றே தொடங்கும். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாடு முழுக்க உழவர்கள் சொல்லும்போது நம் ஊர்ப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அறுவடை நாளில் கொல்லைக்குப் போய், பிடுங்கிப் போட்ட செடிகளைப் பாருங்கள். ஒரு செடியில் காய்கள் கொத்தாகத் தொங்கும். பக்கத்துச் செடியில் நாலைந்துதான் இருக்கும். ஒன்றில் பருப்பு பெரிது, இன்னொன்றில் சிறிது. இந்த வேறுபாட்டில் ஒரு பகுதி மண்ணாலும் நீராலும் வருவது, இன்னொரு பகுதி மரபணுவால் வருவது. நல்ல செடிகளின் விதையை எடுத்து, மறுபடி விதைத்து, மறுபடி தேர்ந்தெடுத்தால் மரபணுவால் வந்தது மட்டும் தலைமுறை தாண்டி நிற்கும். டி.எம்.வி. 2 இப்படி குடியாத்தம் பக்கத்து மல்லாட்டையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-ல் வெளிவந்த ரகம்.

இதில் கதிர்வீச்சு எங்கே வருகிறது? 1927-ல் அமெரிக்க விஞ்ஞானி முல்லர், பழ ஈக்கள்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அவற்றின் குஞ்சுகளில் புதுப்புது மாற்றங்கள் வருவதைக் காட்டினார். அதற்காக 1946-ல் நோபல் பரிசு பெற்றார். மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் அதே வழியில் மல்லாட்டை விதைகளுக்கு எக்ஸ் கதிர் கொடுத்துப் பார்த்தது. அப்படி உருவாகி 1973-ல் வெளிவந்த டி.ஜி. 1 ரகத்தின் பருப்பு நன்றாகப் பெரிது.

அப்படியானால் ஊகம் சரிதானே என்று துள்ள வேண்டாம். நடந்ததைக் கூர்ந்து பாருங்கள். கதிர் மரபணு இழையை எங்கே வெட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. கதிர் பட்ட விதைகளில் பல முளைப்பதே இல்லை. முளைத்தவற்றில் பல நோஞ்சான்கள். மீதியில் பெரும்பாலானவற்றில் பயனுள்ள மாற்றம் எதுவும் இருக்காது. ஆயிரக்கணக்கான செடிகளில் ஏதோ ஒன்றிரண்டில்தான் உழவருக்கு உதவும் மாற்றம் தெரியும். அதுவும் அநேகமாக அந்த விதையிலிருந்து வந்த முதல் செடியில் வெளிப்படாது, அதன் பிள்ளைச் செடிகளில்தான் வெளிப்படும். பிறகு பல ஆண்டுகள் விதைத்துச் சோதித்தால்தான் ஒரு ரகம் கிடைக்கும்.

ஆகவே கதிர்வீச்சு மரபணுவை மாற்றும் என்பது உண்மை. மாறிய மறுகணம் சக்தி வரும் என்பது பொய். மனித உடம்பில் அளவுக்கு மீறிப் பட்டால் செல்கள் இறக்கும், புற்றுநோய் வரலாம். எக்ஸ் கதிர் அறையில் வேலை செய்பவர்கள் ஈயக் கவசம் அணிவதற்குக் காரணம் இதுதான்.

நான்காம் ஊகம்: கடித்ததால் வந்த சக்தி

சிலந்தி கடித்தது, உடனே சுவரில் நடக்கத் தொடங்கிவிட்டான் ஸ்பைடர்மேன். கதிர்வீச்சு பட்ட சிலந்தியே கடித்தாலும் அதன் மரபணு நம் உடம்பின் கோடிக்கோடிச் செல்களுக்குள் போய் உட்கார முடியாது. கடி வழியே வருவது நஞ்சு, அவ்வளவுதான்.

சுவரில் ஒட்டுவதற்கு இன்னொரு தடையும் உண்டு. பல்லி ஏன் சுவரில் நடக்கிறது, நாம் ஏன் நடக்க முடியவில்லை? ஓர் உடல் எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதானால் அதன் தோலின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். ஒட்டும் பரப்பு கூடுவதைவிட எடை வேகமாகக் கூடிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைக் கணக்கிட்டார்கள். பல்லிபோல் மனிதர் சுவரேற வேண்டுமானால் உடம்பின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ஒட்டும் திண்டாக இருக்க வேண்டுமாம்! உள்ளங்கையும் உள்ளங்காலும் போதாது.

ஆனால் நஞ்சு ஓர் உடம்புக்குச் சக்தி தருவது நிஜத்திலும் நடக்கிறது. அந்தக் கதையில் நம் பகுதியில் வாழும் இருளர் சமூகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

திண்டிவனம், விழுப்புரம் சுற்று வட்டாரத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருளர்கள் வாழ்கிறார்கள். மண்ணில் பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே அது எந்தப் பாம்பு, எந்த வளைக்குள் போனது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து வந்து, சில வாரம் பானைகளில் வைத்திருந்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பாம்பு பிடிக்கும் கலைக்காக 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள்.

எடுத்த நஞ்சை உலர்த்தி மருந்து தயாரிப்பவர்களுக்கு அனுப்புவார்கள். அங்கே குதிரைக்கு மிக மிகச் சிறிய அளவில் நஞ்சு ஏற்றப்படும். குதிரையின் உடம்பு அந்த அந்நியப் பொருளை அடையாளம் கண்டு, அதை மடக்கிப் பிடிக்கும் எதிர்ப்புரதங்களை உண்டாக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுவார்கள். சில மாதங்களில் குதிரையின் குருதியில் எதிர்ப்புரதம் நிறைந்துவிடும். குருதியில் ஒரு பகுதியை எடுத்து, எதிர்ப்புரதத்தைப் பிரித்தால் அதுதான் பாம்புக்கடி மருந்து.

நாயகன் ஒருவனுக்குக் கடியால் சக்தி வந்தால் அது அவனோடு முடிந்துவிடும். இங்கே தடம் பார்த்த இருளர், நஞ்சைத் தாங்கிய குதிரை, மருந்தாக்கிய விஞ்ஞானி, ஊசி போட்ட செவிலியர் என்று பலர் சேர்ந்து ஒரு முகம் தெரியாத உழவரின் உயிரைக் காப்பாற்றுகிறார்கள்.

இதையும் மறக்காதீர்கள்: பாம்பு கடித்தால் வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் ஊகம்: ஆபத்தில் பொங்கும் சக்தி

1977-ல் தொடங்கிய 'ஹல்க்' தொலைக்காட்சித் தொடரில் டேவிட் பேனர் என்ற மருத்துவர் வருகிறார். விபத்தில் சிக்கியவர்களைக் காப்பாற்றச் சிலருக்கு மட்டும் அபார வலிமை எப்படி வந்தது என்று தேடுகிறார். அந்த நாட்களிலெல்லாம் சூரியப் புள்ளிகளால் காமா கதிர்வீச்சு கூடியிருந்ததாகக் கதையில் கண்டுபிடிக்கிறார். உடனே தனியாக ஆய்வகத்துக்குப் போய்த் தன்மேலேயே காமா கதிரைப் பாய்ச்சிக்கொள்கிறார். அவர் நினைத்ததைவிட அதிகமாகக் கதிர் பாய்ந்துவிடுகிறது. ஹீரோஸ் தொடரின் மொகிந்தரும் இதையே செய்கிறார். சக்திக்குக் காரணம் அட்ரினல் சுரப்பி என்று ஊகித்து, தயாரித்த மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொள்கிறார். வலிமை வருகிறது, கூடவே தோல் செதில் செதிலாக மாறுகிறது.

இருவரும் எங்கே தவறினார்கள்? பேனரின் சான்றை எடுத்துக்கொள்வோம். சூரியப் புள்ளி கூடிய அதே நாளில் ஆபத்தில் சிக்கி, வலிமை வராதவர்கள் எத்தனை பேர்? அவர் அதைப் பார்க்கவே இல்லை. இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. இதைச் சோதிக்க நம் கொடைக்கானலே போதும். அங்குள்ள சூரிய ஆய்வகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகும். பேனர் சொன்னது சரியென்றால் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஊரெங்கும் பலசாலிகள் முளைத்திருக்க வேண்டுமே! சூரியனிலிருந்து காமா கதிர் வந்தாலும் அதைக் காற்று மண்டலம் மேலேயே தடுத்துவிடும்.

அட்ரினல் சுரப்பி மட்டும் கற்பனை அல்ல. இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் ஒவ்வொன்று உட்கார்ந்திருக்கிறது. அது சுரக்கும் அட்ரினலினை 1901-ல் ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே தூய படிகமாகப் பிரித்தெடுத்தார். நாய் துரத்தும்போது இது குருதியில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், கண்ணின் பாவை விரியும், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடும், தசைக்குக் குருதி அதிகம் பாயும். அதனால்தான் என்றும் ஓடாத வேகத்தில் ஓடுகிறோம். தசையில் ஏற்கெனவே இருந்த வலிமையை முழுதாகப் பயன்படுத்த அது உதவும், இல்லாத வலிமையைப் படைக்காது. சிறிது நேரத்தில் அடங்கிவிடும், பிறகு கை கால் நடுங்கும்.

ஆறாம் ஊகம்: பயிற்சியால் வந்த சக்தி

1997-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடிய 'சக்திமான்' நாயகன், யோகப் பயிற்சியாலும் ஐம்பூதங்களாலும் சக்தி பெற்றவன். அவன் சுழன்றபடி பறப்பான். பறக்கத் தடையாக இருப்பது எது?

ஆற்றல் போதாது என்று பலர் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிலோ எடையுள்ள நீங்கள் 10 மீட்டர் உயரம் ஏற வேண்டிய ஆற்றல் சுமார் 2,940 ஜூல், அதாவது 0.7 கிலோ கலோரி. அரை கிராம் மல்லாட்டைப் பருப்பு ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 2.8 கிலோ கலோரி. தசை அதில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும். அது சரியாக 0.7! ஒரே ஒரு மல்லாட்டைப் பருப்பு உங்களைப் பனைமர உயரத்துக்கு ஏற்றிவிடும்.

ஆகவே பற்றாக்குறை ஆற்றலில் இல்லை. மேலே எழும்ப வேண்டுமானால் எதையாவது கீழே தள்ள வேண்டும். பறவை காற்றைக் கீழே தள்ளுகிறது, ராக்கெட் வாயுவைத் தள்ளுகிறது. நம் கைக்கு அவ்வளவு காற்றைத் தள்ளும் பரப்பு இல்லை. எத்தனை நாள் பழகினாலும் இந்த விதி மாறாது. சக்திமானைப் போல் உயரத்திலிருந்து குதித்துப் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள்.

ஆனால் விதிக்கு உட்பட்டுப் பயிற்சி எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் விழுப்புரத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் மல்லர் கம்பத்துக்குப் பேர்பெற்ற ஊர் இது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளிலும் மல்லர் கம்பம் ஒரு போட்டி.

தரையில் ஊன்றிய, ஆளைவிட உயரமான வழவழப்பான மரக்கம்பம். தோல் தேய்ந்து புண்ணாகாமல் இருக்க அதன்மேல் விளக்கெண்ணெய் தடவியிருப்பார்கள். உங்கள் வயதுப் பிள்ளை ஓடிவந்து தாவி, இரு தொடைகளுக்கு இடையே கம்பத்தைக் கவ்விக்கொண்டு, கையை விட்டுவிட்டு, தலைகீழாக நிற்கும். பார்ப்பவருக்கு ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். உண்மையில் வேலை செய்வது உராய்வு. எவ்வளவு இறுக்கி அழுத்துகிறோமோ அவ்வளவு உராய்வு கூடும். எண்ணெய் அதைக் குறைக்கிறது, எனவே தசை இன்னும் அதிகமாக அழுத்த வேண்டும். பிடி ஒரு நூல் தளர்ந்தாலும் வழுக்கும்.

இந்த வலிமை எங்கிருந்து வந்தது? புதிதாகப் பழகத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பெரிதாக வளர்வதில்லை. எந்தத் தசை நாரை எப்போது இழுப்பது என்று மூளையும் நரம்பும்தான் முதலில் கற்கின்றன. தசை நார்கள் தடிப்பது அதற்குப் பிறகு. பயிற்சியால் மூளையும் மாறும். லண்டனில் டாக்சி ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். அவர்கள் மூளையில் இடநினைவுக்கான பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் ஓர் ஆய்வு காட்டியது.

நாம் சோதித்த ஆறு ஊகங்களில் சான்றோடு நிற்பது இது ஒன்றுதான். இதையும் என் சொல்லுக்காக நம்பிவிட வேண்டாம். நீங்களே சோதியுங்கள்.

செய்து பாருங்கள்: கை வேகம் கூடுமா?

தேவை: 30 செ.மீ. அளவுகோல், ஒரு குறிப்பேடு, நண்பர்கள்.

ஊகம்: "தினமும் பழகினால் என் கை வேகம் கூடும்."

நண்பர் அளவுகோலைச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். சுழியம் கீழே இருக்க வேண்டும். அதற்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சற்றுத் திறந்து வையுங்கள். நண்பர் சொல்லாமல் விட்டுவிடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த எண்ணில் பிடித்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5 செ.மீ. என்றால் 0.10 வினாடி
10 செ.மீ. என்றால் 0.14 வினாடி
15 செ.மீ. என்றால் 0.17 வினாடி
20 செ.மீ. என்றால் 0.20 வினாடி
25 செ.மீ. என்றால் 0.23 வினாடி

பத்து முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு முறை மட்டும் எடுத்தால் அதிர்ஷ்டமும் கலந்துவிடும். பிறகு ஒரு வாரம் தினமும் பழகுங்கள். பேனர் மறந்ததை நீங்கள் மறக்காதீர்கள்: பழகாத நண்பர்கள் சிலரையும் முதல் நாளும் கடைசி நாளும் அளந்து ஒப்பிடுங்கள். அவர்களுக்கும் உங்கள் அளவுக்கு வேகம் கூடியிருந்தால் பயிற்சிதான் காரணம் என்று சொல்ல முடியாது.

தொடங்கும் முன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: "எந்த முடிவு வந்தால் என் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வேன்?" முடிவு எதுவானாலும் அப்படியே எழுதி வையுங்கள். வேகம் கூடவில்லை என்றாலும் எழுதுங்கள், அதுவும் கண்டுபிடிப்புதான். அடுத்த முறை உங்கள் வகுப்பில் யாராவது "அவனுக்கு எப்படிடா சக்தி வந்தது?" என்று கேட்டால் உங்கள் ஊகத்தை உரக்கச் சொல்லுங்கள். சொன்ன கையோடு அதைச் சோதிக்க ஒரு வழியையும் சொல்லுங்கள்.